அவுல்தார் கூப்பிட்ட பேர்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் பங்கிராஸ் அவுல்தாரைக் கட்டிலில் விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரமும் அவர் கட்டிலில்தான் கிடக்கிறார். எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார் என்று எழுத எனக்கு மட்டும் ஆசை இல்லையா? நடக்கவில்லையே, என்ன செய்ய.

முன்கதை தெரியாதவர்களுக்கு நாலு வரி. பட்டாளத்தில் பர்மாச் சண்டை வரைக்கும் பார்த்துவிட்டு வந்த மனிதர், ஞாயிற்றுக்கிழமை ஆவூர்க் கோயிலில் பூசை கண்டு திரும்பி, வீட்டு வேலிப்படலைத் திறக்கக் கையை நீட்டினார். நீட்டிய கை திறக்காமலேயே தொங்கிப்போயிற்று. ஆள் அப்படியே சரிந்தார். இன்று திங்கட்கிழமையோடு ஒன்பது நாள். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, நாக்கும் இழுத்துக்கொண்டது. டாக்டர் வந்து பார்த்து, வாதம் என்று சொல்லிப் பையை மூடிக்கொண்டு போனார். சாமியார் சனிக்கிழமை வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப் பூசுதல் கொடுத்துவிட்டார். பிலாயில் வேலை பார்க்கும் மகன் சந்தனராஜுக்குத் தந்தி போயிருக்கிறது. ஐம்பத்திரண்டு வயசு சாகிற வயசா என்று ஊரே கேட்டது. கேட்டு என்ன?

மகள் அற்புதமேரிக்குத்தான் மனசு ஆறவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிப் போட்டுவிட்டு ஒன்பது நாளாக அப்பாவின் தலைமாட்டிலேயே இருந்தாள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்ப்பார். எதையோ கேட்பார். என்னவென்று புரியாது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளின் மழலையைப் புரிந்துகொள்ளுகிற டீச்சருக்கு, பெற்ற அப்பா பேசுவது புரியவில்லை.

அந்த வாயிலிருந்து தெளிவாக வந்தது ஒரே ஒரு சொல்தான். "ராக்க..." என்பார். பிறகு ஒரு முனகல். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் "ராக்க..."

இது என்ன என்று முதலில் கண்டுபிடித்தது ஜெபமாலையம்மாள் அத்தை. அவுல்தாருக்கு அக்கா. தாலியறுத்துத் தம்பி வீட்டுக்கு வந்து இருபது வருசம். ஊரில் யார் சாகக் கிடந்தாலும் தலைமாட்டில் செபம் சொல்ல அத்தைதான் போக வேண்டும். அத்தை வந்து உட்கார்ந்தால் போகிற உயிர் பயப்படாமல் போகும் என்பார்கள். அப்பேர்ப்பட்ட அத்தை, தம்பியின் வாயருகே காதை வைத்துக் கேட்டு, கண்ணில் நீர் தளும்ப நிமிர்ந்தாள்.

"மோட்ச இராக்கினியக் கூப்பிடுறான். நாக்கு செத்தும் தேவமாதா பேர மறக்கல பாரு."

வீடே அழுதது. அன்றிலிருந்து அத்தை தேவமாதா பிரார்த்தனையை விடவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து மண்டியிட்டு, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொன்னார்கள். பிரார்த்தனையில் இராக்கினியே, இராக்கினியே என்று வரும் இடங்களில் எல்லாம் அவுல்தாரின் இடது கண் அகலத் திறக்கும். வாசல் பக்கம் பார்ப்பார். நீர் வழியும். "வருவா தம்பி, உன்னயக் கூட்டிக்கிட்டுப் போக வருவா" என்று அத்தை துடைத்துவிடுவாள். அவர் தலையை இப்படியும் அப்படியும் உருட்டுவார். வலி போலிருக்கிறது என்று இன்னாசியம்மாள் நெற்றியைத் தடவுவாள்.

அற்புதமும் நம்பினாள். நம்பாமல் என்ன? தேவமாதாவை மறக்கிற மனுசனா அவர்?

அவர் இருந்த இருப்பை நினைத்துப் பார்க்க வேண்டும். விடியற்காலைப் பூசைக்கு முதல் ஆள். நடுப்பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது மண்டியிட்டிருப்பவர்களின் நடுவே முதுகு மட்டும் ரைபிள் போல நேராக நிற்கும். கண்ணை மூடமாட்டார். ராசா வந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்பார். இன்னாசியம்மாளுக்கு மஞ்சள் காமாலை வந்து நாலு மாதம் படுத்திருந்தபோது, கஞ்சி வைத்து, துணி துவைத்து, அற்புதத்துக்கு இரட்டைச் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியதும் அவர்தான். பாலம் கட்டும் பட்டாளத்தில் கயிறு முறுக்கிய கை அல்லவா? அந்தச் சடை சாயங்காலம் வரை அசையாது. தலை வலித்து அழுகிறாள் என்று சொன்ன பிறகுதான் கொஞ்சம் தளர்த்திப் பின்னப் பழகினார். ஊரார் சிரித்தார்கள். பொம்பளை வேலை பார்க்கிற அவுல்தார் என்றார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

சாயங்கால ஜெபமாலைக்கு முன்னால் ஒரு கூத்து நடக்கும். பட்டாளத்தில் ஆஜர் எடுப்பதைப் போல வரிசையாகப் பேர் கூப்பிடுவார். "அற்புதமேரி!" என்றால் "ஹாஜர்!" என்று கத்த வேண்டும். "சந்தனராஜ்!" "ஹாஜர்!" அடுப்படியில் இருந்து இன்னாசியம்மாளும் சிரித்துக்கொண்டே ஹாஜர் சொல்லுவாள். அத்தை மட்டும் சொல்லமாட்டாள். சாமி காரியத்தில் என்ன விளையாட்டு என்று முகத்தைத் தூக்கிக்கொள்ளுவாள். "கூப்பிட்டா ஆள் இருக்கேன்னு சொல்லணும்க்கா, அதுதான் செபமே" என்பார் அவர்.

அப்படி ஊரைக் கூப்பிட்ட குரல்தான் இப்போது ஒரு சொல்லுக்குத் தவிக்கிறது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சவரக்கார அய்யாக்கண்ணு வந்தார். ஒருநாள்கூட முள்தாடியோடு இருக்கமாட்டாத மனிதர் ஒன்பது நாள் தாடியோடு கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அற்புதம்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். அத்தை பெண்களோடு கோயிலுக்குப் போயிருந்த நேரம். வீடு அமைதியாக இருந்தது.

அய்யாக்கண்ணு வெந்நீர் வைத்துக் கன்னத்தை நனைத்தார். பிள்ளைக்குச் செய்வது போலப் பதமாக மழித்துக்கொண்டு வந்தார். அவுல்தாரின் உதடு அசைந்தது. அய்யாக்கண்ணு கத்தியைத் தூக்கிக்கொண்டு குனிந்து கேட்டார். பிறகு அற்புதத்தைப் பார்த்தார்.

"ராக்கன்ங்கிறாரே, டீச்சரம்மா. கொடும்பாளூர் ராக்கனையா கூப்பிடுறாரு?"

அற்புதத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இல்லைங்க, இராக்கினி, மாதா பேர் அது, எங்க செபத்தில் வரும் என்று விளக்கினாள். அய்யாக்கண்ணுவுக்கு மாதாவும் தெரியாது, இராக்கினியும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது காதில் விழுந்தது மட்டும்தான். இன்னொரு தரம் குனிந்தார்.

"இல்ல தாயி. கடைசியில 'ன்' இருக்கு. நல்லாக் கேளுங்க. விராலிமலைச் சந்தையில ரெண்டு பேரும் ஒக்காந்து மணிக்கணக்காப் பேசுவாங்களே, கால் தாங்கித் தாங்கி நடப்பாரு. நான்தான் வெசயத்த அவருகிட்டச் சொன்னேன். வெள்ளிக்கிழம வந்து பாத்துட்டுப் போனாருல்ல?"

அற்புதம் குனிந்து அப்பாவின் வாயருகே காதை வைத்தாள். மூச்சு சூடாக இருந்தது. சொல் வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, பிரியமுடியாமல் பிரிந்து, கடைசியில் அந்த 'ன்' வந்தது. ஒன்பது நாளாக அது வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. செபச் சத்தத்தில் யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் படலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் ஒரு ஆள் நின்றார். நரைத்த மீசை, கக்கத்தில் துண்டு, ஒரு கால் கொஞ்சம் மடங்கி. கையில் ஒரு தகரப் பாத்திரம். உள்ளே பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு வெந்நீர் எடுக்க வந்த அற்புதம் அவசரமாக எட்டிப்பார்த்தாள். அவுல்தாரைப் பார்க்கணும் என்றார் அவர். உள்ளே செபம் நடக்கிறது, நடுவில் யாரையும் விடமாட்டார்கள், சத்தம் போட்டுக் கூப்பிடவும் கூடாது, செபம் முடிந்ததும் வாருங்கள் என்று இவள் சொன்னாள். அவர் அந்தப் பாத்திரத்தை நீட்டி, "இத அவுல்தாருகிட்டக் காட்டுங்க தாயி, போதும்" என்றார். எப்போதோ இரவல் வாங்கிப் போனதைத் திருப்பிக் கொடுக்கிறார் போலிருக்கிறது என்று இவள் நினைத்தாள். வாங்கிக் கிணற்றடியில் வைத்தாள். செபம் இருட்டுகிற வரைக்கும் நடந்தது. அப்புறம் பார்த்தபோது ஆள் இல்லை. இவளும் மறந்துபோனாள்.

எங்கே அந்தப் பாத்திரம்? ஓடினாள். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு கோழிகள் அதில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

விரட்டிவிட்டு எடுத்துக் கழுவினாள். பட்டாளத்தில் சோறு வாங்கித் தின்கிற தகர டின். நசுங்கி, கைப்பிடி போய், அடி கறுத்திருந்தது. ஒரு பக்கத்தில் ஆணியால் கீறிய சிலுவை. மறுபக்கத்தில், அதே ஆணியால் கீறிய வேல்.

அப்பாவின் கண்ணுக்கு நேராக அதைப் பிடித்தாள். இடது கை, அந்த ஒரு கைதானே மிச்சம், மெல்ல எழுந்து டின்னைத் தொட்டது. விரல் வேலைத் தடவியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள், மனுசர் அப்படி அழுது அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அய்யாக்கண்ணு கத்தியை மடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"ராக்கன்" என்றார் அவுல்தார். இந்தத் தடவை யாருக்குமே சந்தேகம் வராது.

இன்னாசியம்மாள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த டின்னைத் தெரியும். அவள் சொல்லிச் சொல்லித்தான் அற்புதத்துக்கு விஷயம் விளங்கிற்று.

பர்மாவிலிருந்து பட்டாளம் பின்வாங்கி நடந்த வருசம். காடு, மழை, அட்டை. பங்கிராஸுக்கு விஷக்காய்ச்சல். விழுந்தவர்களை விட்டுவிட்டுப் போனார்கள், வேறு வழியில்லை. ராக்கன் விடவில்லை. முதுகில் தூக்கிக்கொண்டு பதினோரு நாள் நடந்தார். அப்போது கல்லில் அடிபட்டு அழுகின காலைத்தான் இன்றைக்கும் இழுத்துக்கொண்டு நடக்கிறார். இருவரின் டின்னில் ஒன்று ஆற்றோடு போய்விட்டது. மிச்சமிருந்த ஒன்றில்தான் கஞ்சி. சிலுவைப் பக்கம் பங்கிராஸ் குடிப்பார், வேல் பக்கம் ராக்கன் குடிப்பார்.

"சண்ட முடிஞ்சு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தாங்க. கீரனூர் டேசன்ல எறங்கி, அப்பா பெட்டிய அந்த மனுசன்தான் தலையில வச்சுக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்தாரு. கொடும்பாளூர் கண்மாய்க்கரையில, ஊருக்கு வெளிய இருக்கிற சனம்."

இன்னாசியம்மாள் அங்கே நிறுத்திவிட்டாள். அற்புதம் விடவில்லை.

அன்றைக்கு நடந்தது இதுதான். அவுல்தாருக்கு வெண்கலச் செம்பில் தண்ணீர் வந்தது. ராக்கன் முற்றத்தில் நின்றார். அத்தை இன்னொரு செம்போடு போனாள். கொடுக்கவில்லை. கையைக் குவிக்கச் சொல்லி, எட்டி நின்று, மேலேயிருந்து ஊற்றினாள். அவர் குனிந்து குடித்தார். அவுல்தார் தன் செம்பை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா வளர்த்த பிள்ளை, ஊர் பார்க்கிறது, எதுவோ ஒன்று அவர் வாயைக் கட்டிப்போட்டது. ராக்கன் வாயைத் துடைத்துக்கொண்டு, சிரித்து, வாரேன் அவுல்தாரே என்று போனார். போகும்போது அந்த டின்னையும் கொண்டுபோனார். அதற்கப்புறம் இந்தப் படலைத் தாண்டவில்லை.

சந்தைக்குச் சந்தை அவுல்தார் விராலிமலைக்குப் போனார். அங்கே இருவரும் ஒரு கடையில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். பதிமூன்று வருசம். ஒருநாள்கூட வீட்டுக்கு வா என்று இவர் கூப்பிட்டதில்லை. ஏன் என்று இன்னாசியம்மாள் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். "எந்த மொகத்த வச்சுக்கிட்டுக் கூப்பிட?" என்றாராம்.

"இப்பக் கூப்பிடுறாரு" என்றாள் அற்புதம்.

வந்த ஆளைத்தான் அவளே திருப்பி அனுப்பிவிட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அத்தை கோயிலிலிருந்து திரும்பியதும் அற்புதம் சொல்லிப் பார்த்தாள். இதற்காக அத்தையைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். தாய் செத்த ஆறு வயசுத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவன் தேவமாதா பேரைச் சொல்லிச் சாகிறான் என்பதுதான் ஒன்பது நாளாக அவளைத் தாங்கிப் பிடித்திருந்தது. அதையும் பிடுங்கினால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

"சாகுற நேரத்துல என் தம்பி மாதாவக் கூப்பிடுவானா, சந்தையில டீ குடிச்சவனக் கூப்பிடுவானா? புத்தி கெட்டுப் பேசாத, அற்புதம்."

சொல்லிவிட்டு மண்டியிட்டாள். பெண்கள் வந்தார்கள். பிரார்த்தனை ஆரம்பித்தது. முன்னைவிடச் சத்தமாக ஆரம்பித்தது.

அற்புதம் அம்மாவின் கையைப் பிடித்து, நான் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன், அதுவரைக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள் என்றாள். உயிரைப் பிடித்து வைக்கச் சொல்லுவது போல இருந்தது அது. இன்னாசியம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். டின்னைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அற்புதம் ஒன்பதரை பஸ்ஸைப் பிடித்தாள்.

பஸ் விராலிமலைக்குப் போவதற்குள் அவள் ஒரு ஜெபமாலை சொல்லி முடித்துவிட்டாள். எதற்காக வேண்டிக்கொள்கிறோம் என்றே அவளுக்குத் தெளிவில்லை. அப்பா பிழைக்க வேண்டும் என்று கேட்கும் துணிச்சல் போய்விட்டது. சாயங்காலம் வரை, சாயங்காலம் வரை என்று மட்டும் கேட்டாள்.

விராலிமலையில் மதுரை பஸ் முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. கொடும்பாளூரில் இறங்கி, மூவர் கோயிலுக்கு இந்தாண்டை பிரிகிற வண்டிப்பாதையில் நடந்து, கண்மாய்க்கரையில் விசாரித்தாள். அவுல்தார் மகளா என்று எல்லாரும் எழுந்து நின்றார்கள். இவர்களுக்கெல்லாம் அப்பாவைத் தெரிந்திருக்கிறது. இவளுக்கு இவர்களைத் தெரியவில்லை.

கடைசிக் குடிசையில் ராக்கனின் மனைவி சொர்ணம் வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அற்புதம் பேர் சொன்னதும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவரு ஆவூருக்குத்தானே தாயி போயிருக்காரு."

கோழி கூப்பிட எழுந்து, வரப்பு வழியாக, குறுக்கே விழுந்து நடந்தே போய்விட்டாராம். அந்தக் காலை வைத்துக்கொண்டா என்று சொர்ணம் தடுத்திருக்கிறாள். நாலு நாலரை மணி நேரம்தானே, பத்து மணிக்குள் போய்விடுவேன் என்றாராம். மூன்று நாளாக அவருக்குத் தூக்கமில்லை. அவுல்தார் கூப்பிடுகிற மாதிரியே காதில் கேட்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தாராம்.

அற்புதம் பஸ் ஏறி மூலைவளைவு திரும்பும்போது அவர் வரப்பு ஏறி ஊருக்குள் நுழைந்திருப்பார். அவர் வீட்டைத் தேடி இவள் இங்கே, இவள் வீட்டைத் தேடி அவர் அங்கே. விதியை நொந்துகொள்ள நேரமில்லை, அம்மா இருக்கிறாள், அம்மாவுக்குத் தெரியும், கூப்பிட்டு உள்ளே விட்டிருப்பாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். இந்நேரம் அப்பா கையை அவர் பிடித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது.

வியர்த்து ஊற்றிற்று. தண்ணீர் கேட்டாள். சொர்ணம் பானையண்டை போய், டம்ளரைக் கையில் எடுத்தபடி தயங்கி நின்றாள்.

"எங்க வீட்டுத் தண்ணி குடிப்பீங்களா?"

அற்புதம் டம்ளரை வாங்கி வாய் வைத்துக் குடித்தாள். சொர்ணம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உள்ள விடாட்டியும் பரவால்ல, வாசல்ல நின்னுட்டு வாரேன்னுதான் தாயி போயிருக்காரு. அந்த மனுசன் ஒங்க அப்பாருமேல ஒருநாளும் குத்தம் சொன்னதில்ல."

திரும்பி வரும் பஸ் இருக்கிறதே, அது அன்றைக்கென்று ஒன்றரை மணி நேரம் வரவேயில்லை. ரோட்டோரப் புளியமரத்தடியில் அற்புதம் நின்றாள், உட்கார்ந்தாள், நின்றாள். லாரிக்குக் கை காட்டினாள், நிற்கவில்லை. யாரை நோக? யாரிடம் மன்றாட? அவளால் ஆகக்கூடியது ஒன்றுமே இல்லை. விராலிமலையில் மறுபடி காத்திருப்பு. ஆவூர் பஸ் கிளம்பும்போது மூன்று மணி தாண்டிவிட்டது.

ஊருக்கு ஒரு மைல் இருக்கும்போது கோயில் மணி கேட்டது.

பஸ்ஸில் இருந்த ஆவூர்க்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கண்டக்டர்கூட வாயை மூடிக்கொண்டார். அந்த ஊரில் பொம்பளை செத்தால் இரண்டிரண்டாக அடிப்பார்கள், ஆம்பளை செத்தால் மும்மூன்றாக. இரண்டோடு நிற்க வேண்டும், இரண்டோடு நிற்க வேண்டும் என்று அற்புதம் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். யாரோ ஒரு பாவப்பட்ட பெண் செத்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள், கடவுளே மன்னிக்கட்டும்.

ஒன்று. இரண்டு. மூன்று.

பக்கத்தில் இருந்த பெரியவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அவளைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆனாலும் அப்பா பார்த்திருப்பார். ராக்கன் பத்து மணிக்கே போயிருப்பார், அப்பா அவரைப் பார்த்திருப்பார், அதற்கப்புறம்தான் போயிருப்பார். பஸ் நிற்குமுன் இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் அவளுக்கு இருந்தது அந்த ஒரே நினைப்புத்தான்.

தெருமுனை திரும்பினாள்.

படலுக்கு வெளியே, பூவரச மரத்தடியில், அதே இடத்தில், கக்கத்தில் துண்டோடு ராக்கன் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்குள்ளிருந்து ஒப்பாரிச் சத்தம் இல்லை. ஆத்துமம் பிரிகிற வேளையில் யாரும் அழக்கூடாது, செபம்தான் சொல்ல வேண்டும் என்பது அத்தையின் சட்டம். பெண்களின் குரல் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. இன்னாசியம்மாள் கட்டிலை விட்டு அசைந்திருக்கமாட்டாள். கட்டிலிலிருந்து படல் தெரியாது.

அற்புதத்தைப் பார்த்ததும் ராக்கன் துண்டைச் சரிசெய்துகொண்டார். காலையிலிருந்து நின்ற களைப்பு முகத்தில் இருந்தது. ஆனால் சிரித்தார்.

"வந்துட்டீங்களா தாயி. பத்து மணியிலேருந்து நிக்கிறேன். செபம் நடக்குது. நடுவுல கூப்பிடக் கூடாதுன்னு அன்னைக்கே சொன்னீங்கள்ல? அதான் முடியட்டும்னு நிக்கிறேன்."

அற்புதம் வீட்டுப்பக்கம் பார்த்தாள்.

"அவுல்தாரு கூப்பிட்டாருங்க. நாலஞ்சு தடவ. இங்கிட்டு வரைக்கும் கேட்டுச்சு, எம்பேருதான். ஒவ்வொரு தடவையும் நான் இங்கயிருந்தே 'ஹாஜர்'ன்னு சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன், செபத்துக்கு எடஞ்சலா இருக்கப்படாதுல்ல. அவருக்குக் கேட்டுச்சோ என்னமோ."

கோயில் மணி மறுபடி மும்மூன்றாக அடித்தது. ராக்கன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பூசைக்கு மணியடிக்கிறார்கள் என்று நினைத்தார் போலிருக்கிறது. அந்த மணியின் கணக்கு அவருக்கு எப்படித் தெரியும்?

"இப்பக் கொஞ்ச நேரமாக் கூப்பிடல. அசந்து தூங்குறாரு போல."

அற்புதம் படலைத் தூக்கித் திறந்தாள். ஒன்பது நாளைக்கு முன் அப்பா திறக்காமல் விட்ட படல். பையிலிருந்த டின் வேலிக்குச்சியில் மோதிச் சத்தம் போட்டது.

"உள்ள வாங்க, சித்தப்பா" என்றாள்.

அவர் ஒரு அடி எடுத்துவைத்தார். அதற்குள் வீட்டு நிலைப்படியில் அத்தை வந்து நின்றாள். கையில் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம். கண் இரண்டும் சிவந்து, ராக்கனையே பார்த்துக்கொண்டு நின்றாள். வழியைவிட்டு விலகவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை.

ராக்கன் எடுத்த அடியைப் பின்னால் வைத்துக்கொண்டார். அற்புதத்தின் பக்கம் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மரியாதையாகக் கேட்டார்.

"செபம் முடிஞ்சிருச்சுங்களா தாயி? இப்பப் போயி அவரப் பாக்கலாங்களா?"